மயக்கம் போடப் பழகிய காவலாளி

மாமா அவர்களுக்கு மருமகன் எழுதிக்கொள்வது.

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த நலத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றிக் கேட்டால், இருமலைத் தவிர எல்லாம் சுகம். கண் சிவப்பும் இறங்கிவிட்டது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் பேசினால் என்னிடம் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு போனில் யாருக்கோ ஆள் அனுப்புவதைப் பற்றிப் பேசுவீர்கள். கடிதத்திடம் "அப்புறம்?" என்று கேட்க முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் கடிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் எங்கள் கிடங்குக்கு நீங்கள் அனுப்பவிருக்கும் புது ஆட்களை அனுப்பாதீர்கள். முக்கியமாக அக்கா வீட்டுக்காரரை அனுப்பாதீர்கள். பஸ் பட்டறையை மூடியதிலிருந்து அத்தான் வீட்டில் சும்மா இருக்கிறார், சும்மா இருக்க முடியாமல் ஓடுகிற மின்விசிறியைக் கழற்றி ஓடாத மின்விசிறியாக மாட்டுகிறார், எல்லாம் எனக்குத் தெரியும். அக்கா தினமும் போன் செய்து, "நீ அங்க பயிற்சி குடுக்கறவனா இருக்கும்போது அவருக்கு என்னடா பயம்?" என்று கேட்கிறாள். நான் அங்கே பயிற்சி கொடுக்கிறேன் என்பதுதான் பயமே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கிடங்கின் பின்கதவு திறக்கும்வரை ஒருவரும் வர வேண்டாம். நீங்கள் ஒப்பந்தக்காரர். உங்களுக்கு ஆள் என்றால் தலை. "எத்தனை தலை வேணும்?" என்று நீங்கள் கேட்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். தலைக்குக் கொஞ்சம் கீழே நுரையீரல் என்று ஒன்று இருக்கிறது மாமா. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த வேலையை வாங்கித் தந்தது நீங்கள். மறக்கவில்லை. வேதியியல் படித்துவிட்டு மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவனை, ஆபத்தான பொருட்களைக் கையாளச் சொல்லித்தரும் பயிற்சியாளர் ஆக்கினீர்கள். அமிலம், காரம், ஆவியாகும் திரவம் என்று நேர்காணலில் குடைந்து எடுப்பார்கள் என நினைத்து, பழைய பாடப் புத்தகங்களையெல்லாம் தூசி தட்டிப் படித்துவிட்டுப் போனேன். மேனேஜர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சத்தமா பேசுவீங்களா?" பேசுவேன் என்றேன், சத்தமாக. வேலை கிடைத்துவிட்டது.

கிடங்கை நீங்கள் வாசலோடு பார்த்திருப்பீர்கள். உள்ளே வந்ததில்லை. நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் அமிலக் கேன்கள், அதை ஒட்டி ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள், எதிர்ப்பக்கம் பெயிண்டில் கலக்கும் தின்னர் பீப்பாய்கள், ஓரத்தில் பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றி மூடி போடும் பேக்கிங் பகுதி. முன்னால் லாரி வந்து முதுகைக் கொடுத்து நிற்கும் மேடை. பின்னால் ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு மேலே பச்சைப் பலகை, அதில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருக்கிறான். கதவில் ஒரு பூட்டு, என் உள்ளங்கை அகலம். அந்த மனிதன் ஓடிப்போய் எதில் முட்டிக்கொள்வான் என்று பலகை எழுதியவர் யோசிக்கவில்லை. வந்த அன்றே மேனேஜரிடம் கேட்டேன்.

"பூட்டு எதுக்கு சார்?"

"திருட்டு."

எப்போதோ ஒரு தின்னர் டப்பா அந்த வழியாகக் காணாமல் போனதாம்.

"தீ கீ பிடிச்சா சார்?"

"சொல்லுங்க, திறக்கலாம்."

"யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்டதான்."

"நீங்க இல்லேன்னா?"

"போன் பண்ணுங்க. மீட்டிங்ல இருந்தேன்னா மெசேஜ் போடுங்க. பார்த்துட்டுக் கூப்பிடறேன்."

பயிற்சி முக்கியம், ஆனால் வேலை நேரத்தில் வேண்டாம் என்பது மேனேஜரின் கட்டளை. ஆகவே என் வகுப்பு சாப்பாட்டு நேரத்தில். எல்லோரும் பாத்திரத்தைத் திறந்ததும் நான் அமிலம் பட்ட கையின் படத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். "இப்ப வாயில வைக்கிற நேரத்துலதான் இதைக் காட்டணுமா?" என்று பேக்கிங் பகுதி அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேக்கிங்கில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் இவர்தான் தலைவி, யாரும் நியமிக்கவில்லை, அவரே ஆகிவிட்டார். நான் எதைச் சொன்னாலும் "ஆபத்து" என்று தொடங்குவதால் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஆபத்து வருது, சிகரெட்டை அணைடா" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள். அந்த மட்டில் என் பயிற்சி வெற்றி. கேனில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். லேபிளைப் பார்ப்போம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் மூக்கைத் தொட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் விளக்கம் சொன்னான். அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு இருக்கிறதல்லவா, அதனால் அவனுக்குக் கொம்பன் என்று பெயர். "மூக்கு எரிஞ்சா ஆசிட்டு. கண்ணு எரிஞ்சா அமோனியா. தலை சுத்துனா தின்னரு. இது எதுவும் இல்லாம வயிறு மட்டும் எரியுதுன்னா, மேனேஜர் வந்திருக்காருன்னு அர்த்தம்."

சிரிக்காதீர்கள் மாமா. அப்படி மோந்து மோந்தே அவனுக்கு இப்போது எந்த வாசனையும் தெரிவதில்லை. அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அமிலமும் ப்ளீச்சிங் பவுடரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவே கூடாது, கலந்தால் விஷவாயு என்று தொண்டை கிழியப் பாடம் நடத்தினேன். "ரெண்டுக்கும் ஆகாதா?" என்றார் பேக்கிங் அக்கா. ஆகாது என்றேன். "நானும் என் மாமியாரும் மாதிரி. சரி, அப்ப ஏன் ரெண்டையும் ஒரே மூலையில அடுக்கி வெச்சிருக்காங்க?" அங்கேதான் வெயில் படாது என்று ஆபீஸ் கிளார்க் பதில் சொன்னார். நான் நேராக மேனேஜரிடம் போய், இதை அங்கே வைத்தது தப்பு என்றேன். "இடம் எங்க இருக்கு?" என்று கைகளை விரித்தார். "நீங்கதானே பயிற்சியாளர்? ரெண்டையும் ஒத்துமையா இருக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்ததால் கிளார்க்கும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைக் குறித்து வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உபகரணங்களைப் பற்றிக் கேளுங்கள். தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்பு உடை ஒன்று இருக்கிறது. ஒன்றுதான் இருக்கிறது. யாரோ ஒரு பயில்வானுக்குத் தைத்தது. அதற்குள் கொம்பனும் கிளார்க்கும் சேர்ந்தே நிற்கலாம். ஒவ்வொருவராக அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள், முகமும் மூடியிருப்பதால் எல்லாப் போட்டோவிலும் ஒரே ஆள் நிற்பதுபோல இருக்கும். கையுறை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய பெட்டி முழுவதும் இடது கைக்கு. முகமூடிகள் மேனேஜர் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், கேடயங்களுக்கு நடுவில். "வெளிய எடுத்தா அழுக்காயிடும்" என்று பதில். கண்ணில் பட்டால் கழுவுவதற்கென்று சுவரில் ஒரு குழாய் இருக்கிறது, அதில் நீளமான ரப்பர் ட்யூப் மாட்டி மேனேஜர் காரைக் கழுவுகிறார்கள். கார் கண் மாதிரி பளபளக்கிறது.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்கு ஒத்திகைப் படங்கள் போக வேண்டும். அபாயச் சங்கு ஊதினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று நாடகம் போல ஆளுக்கொரு வேஷம். கிளார்க் படம் எடுப்பவர். இரண்டு பேர் அந்தப் பயில்வான் உடையை மாட்டுபவர்கள். பேக்கிங் அக்காவும் தோழிகளும் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள். ஸ்ட்ரெச்சரில் படுப்பதற்கு எடை குறைந்த ஆள் வேண்டும் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டதால், அந்த வேஷம் பின்கதவுக் காவலாளிக்கு. ஒடிசலான மனிதர். பின்கதவு ஓரம் ஒரு முக்காலியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். அந்தக் கதவுச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். பூட்டு அண்ணன் என்று கூப்பிடுவோம்.

முதல் ஒத்திகையில் அந்த மனிதர் செய்ய வேண்டியதைச் செய்தார். சங்கு ஊதியதும் சாவியை உருவிக்கொண்டு கதவுக்கு ஓடினார். மேனேஜர் பாய்ந்து வந்து கத்தினார். "யோவ்! நீ மயங்கணும்யா! சாவியை யாருய்யா கேட்டா? போய்ப் படு!" தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, இதுதான் உன் இடம் என்றார். "இனி ஒருதடவை என் கையெழுத்து இல்லாம கதவுப் பக்கம் போனே, முக்காலிக்கு வேற ஆளு வரும்." பூட்டு அண்ணன் போய்ப் படுத்தார். மிச்சத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். மயங்கியவர் பேசக்கூடாது, அசையக்கூடாது, கூசினாலும் சிரிக்கக்கூடாது. என் மாணவர்களிலேயே முதல் மதிப்பெண் அவருக்குத்தான்.

போன வாரம் ஒரு மத்தியானம். கொம்பன் அமிலக் கேன் அடுக்கைத் தூக்கும்போது வண்டியின் கொம்பு ஒரு கேனில் குத்திவிட்டது. அமிலம் தரையில் ஓடியது. ஓடுகிறது ஓடுகிறது, வேறு பக்கம் ஓடக் கூடாதா? நேராக ப்ளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் போயிற்று. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழுந்து, தரையை ஒட்டியே எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. நான் சங்கை அழுத்தினேன். மாமா, அடுத்து நடந்ததை என்னால் மறக்கவே முடியாது. ஒருவரும் பதறவில்லை. கூச்சல் இல்லை. எல்லோரும் அவரவர் வேஷத்துக்குப் போய்விட்டார்கள். கிளார்க் கேமராவை எடுத்தார். உடை மாட்டும் இருவரும் போன தடவை யார் மாட்டியது என்று தகராறு பண்ணத் தொடங்கினார்கள். பூட்டு அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்தார், நடந்து போய்ச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றார், தொப்பியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார், படுத்தார், கண்ணை மூடினார்.

முன்பக்கம் ஓடலாம் என்று பார்த்தால், மேடையில் ஒரு லாரி பின்பக்கத்தைக் கொடுத்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். நான் பூட்டு அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, எந்திரிங்க! சாவி! சாவியைக் குடுங்க!"

அசையவில்லை.

"இது ஒத்திகை இல்லண்ணே! நிஜம்! புகை வருது பாருங்க!"

உதடு மட்டும் அசைந்தது. "மயக்கத்துல இருக்கறவன் பேசக் கூடாது தம்பி. நீங்க சொன்னதுதான்."

இடுப்பிலிருந்து நானே சாவியை உருவப் போனேன். மயங்கிக் கிடந்தவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். உடும்புப் பிடி. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அந்தக் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, புகையா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது.

"மேனேஜர் கையெழுத்து இருக்கா?"

"அண்ணே, செத்துடுவோம்ண்ணே!"

"புகை கொஞ்ச நேரத்துல போயிடும் தம்பி. வேலை போச்சுன்னா? வீட்ல மூணு பொம்பளப் புள்ளைங்க."

அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. கை எழவில்லை. அந்த மனிதருக்கு ஒத்திகை எது, நிஜம் எது என்று தெரியாமலா இருக்கும்? படுத்துக் கிடக்கும்வரை தன்னை யாரும் கதவைத் திற என்று கேட்க மாட்டார்கள், திறக்கவில்லை என்றும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று அந்த ஒரு வட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார். விஷவாயுவைவிட மேனேஜரைக் கண்டு பயப்படும்படி ஒருவரைப் பழக்கிவிட்டு, அதற்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அதற்குள் பேக்கிங் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார். "அவரு எந்திரிக்க மாட்டாரு. எடுங்கடி ஸ்ட்ரெச்சரை!" நாலு பெண்கள், ஒரே தூக்கு. ஒத்திகையில் அவரை முன்பக்கம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள், அங்கேதான் போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். கால் பழகிய வழியே போயிற்று. முன்னால் லாரி. திறந்த லாரி, பாதி லோடு ஏற்றியிருந்தது. அக்கா நிற்கவில்லை. லாரிக்குள்ளேயே ஏறிவிட்டார். பூட்டு அண்ணனை மூட்டை போலப் பக்கவாட்டுப் பலகைக்கு மேலே தூக்கி வெளியே நீட்டினார்கள். கீழே டீ டம்ளரோடு ஓடிவந்த டிரைவர் அலறினார்.

"ஏய், ஏய்! என்ன லோடு இது? பில்லுல இல்லையே!"

"உசுரோட இருக்கற லோடு! பிடிய்யா!"

பிடித்தார். அதன் பிறகு எல்லோரும் அதே வழியில் ஏறிக் குதித்தோம். உடைக்காகத் தகராறு செய்த இருவரில் ஒருவர் ஒரு காலை மட்டும் அதற்குள் விட்டுக்கொண்டு, மிச்ச உடையைக் கல்யாணப் பெண் போல இழுத்துக்கொண்டு வந்தார். கடைசியாக வந்தவர் கிளார்க். மேலே நின்றுகொண்டு, "கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பி இருமுங்க" என்றார். கொம்பன் அவர் காலைப் பிடித்து இழுத்துவிட்டான். கார் கழுவும் ட்யூபைப் பிடுங்கி வரிசையாக எல்லோர் கண்ணையும் கழுவினேன். சிலரை ஆஸ்பத்திரியில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். யாரும் சாகவில்லை. மேனேஜர் மீட்டிங் முடிந்து மெசேஜைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் கேட்டது, "சரக்கு எவ்வளவு போச்சு?" இரண்டாவது கேட்டது, "என் கார் ஏன் நனைஞ்சிருக்கு?"

இனிதான் கேளுங்கள். அன்றைக்குக் கிளார்க் எடுத்த படங்களை, அந்த மாத ஒத்திகை என்று சொல்லி மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். பாராட்டு வந்திருக்கிறது. "இம்முறை மிகவும் இயல்பாக இருந்தது. இருமல் அருமை. முகங்களில் பயம் தத்ரூபம். மற்ற கிளைகளும் இதைப் பின்பற்றவும்." இதைப் பேக்கிங் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. கரகரவென்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து திறந்த லாரிகள் வராது மாமா. மூடிய கண்டெய்னர் வண்டிகள்தான். இரும்புப் பெட்டி வந்து வாசலோடு ஒட்டிக்கொண்டு நின்றால், ஏறிக் குதிக்கப் பலகை கிடையாது. பின்கதவு ஒன்றுதான் வழி. அதைத் திறந்து வையுங்கள் என்று மறுபடியும் போய்க் கேட்டேன். மேனேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அன்னிக்குப் பின்கதவு இல்லாமலேயே எல்லாரும் நல்லபடியா வெளிய வந்துட்டீங்களே? அப்புறம் எதுக்குத் தம்பி அது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நீங்கள் சொல்வீர்கள். "எல்லா எடத்துலயும் அப்படித்தாண்டா, அனுசரிச்சுப் போ" என்பீர்கள். அனுசரித்து அனுசரித்துத்தான் கொம்பன் மூக்கை விட்டான், பேக்கிங் அக்கா குரலை விட்டார், பூட்டு அண்ணன் எழுந்து நிற்பதையே விட்டுவிட்டார். அத்தானை எதை விடச் சொல்கிறீர்கள்? ராஜினாமாவை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லையாம். மாத்திரை அட்டையால் இதுவரை யாருக்கும் மூச்சு முட்டியதில்லை. ஆட்களை அனுப்பாதீர்கள். என் அக்காவிடம் நீங்களே பேசிவிடுங்கள், என்னிடம் பேசினால் அழுகிறாள்.

அத்தைக்கு என் வணக்கம். அவர்கள் முழங்கால் வலிக்கு இந்தக் கடிதம் எந்த வகையிலும் காரணமில்லை என்று சொல்லவும். உங்கள் மகளுக்குப் பரீட்சை நல்லபடியாக முடிய வாழ்த்து. வேதியியலை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கோபம் தணிந்த பிறகு உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,

மருமகன்.

பின்குறிப்பு: முந்தாநாள் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். நானே கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு தூரம் உங்களைத் திட்டியது வீணாகிவிடுமே என்று விட்டுவிட்டேன். ஆட்களை அனுப்புங்கள். அத்தானையும் அனுப்புங்கள். நான் வேலையை விடவில்லை.

ராஜினாமாவோடு நேற்று மேனேஜர் அறைக்குப் போனால், உள்ளே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு அருமையாக இருமுகிறவர்களை நேரில் பார்க்க வந்திருக்கிறாராம். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க கிடங்குல ஒரு கொள்கை மேடம். ஒத்திகை முழுசா சரியா முடியற வரைக்கும் ஒருத்தரும் சரக்கைத் தொடக் கூடாது" என்று அள்ளி விட்டார். அப்படி ஒரு கொள்கை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். டீ டம்ளர்களை எடுக்க வந்த பேக்கிங் அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். டம்ளர்களை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்காக ஒத்திகை வைத்தார்கள். சங்கு ஊதியது. ஒருவரும் வேஷத்துக்குப் போகவில்லை. மொத்தப் பேரும் பின்கதவுக்கு ஓடினார்கள், பூட்டைத் தொட்டார்கள், திரும்பி வந்து வரிசையாக நின்றார்கள். "சரியா வரலைங்க சார். இன்னொருவாட்டி ஊதுங்க" என்றார் அக்கா. ஊதினார்கள். ஓடினார்கள், தொட்டார்கள், வந்தார்கள். "இப்பவும் சரியா வரலைங்க." இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பேக்கிங் நின்றது. தெருவில் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும்யா, போய் வேலையைப் பாருங்க" என்று கிசுகிசுத்தார். கொம்பன் வாய் நிறையச் சத்தமாகச் சொன்னான். "எப்படி சார்? கொள்கைன்னு ஒண்ணு இருக்கே!"

அந்த அம்மா வெகுளியாகக் கேட்டார். "ஏன், கதவைத் திறந்துட்டு ஓடினா என்ன?"

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பூட்டு, திறய்யா" என்றார். பூட்டு அண்ணன் வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். படுக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார். "சார், மேடம் இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. திறந்தா என் வேலை போகாதுன்னு." மேனேஜர் சொன்னார். "சத்தமா சொல்லுங்க சார்" என்றார் அக்கா. சத்தமாகச் சொன்னார். பூட்டு அண்ணன் சாவியைப் போட்டுத் திருகினார். திரும்பவில்லை. துரு. இத்தனை காலம் அவர் உயிரைக் கொடுத்துக் காத்த சாவி அந்தப் பூட்டை என்றைக்கோ கைவிட்டிருக்கிறது. கொம்பன் வண்டியைக் கொண்டுவந்து, கொம்பைக் கதவுக்கு அடியில் கொடுத்து, கதவையே கீலோடு பெயர்த்து எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டான்.

கதவுக்குப் பின்னால் தெரு இல்லை மாமா. காலி பீப்பாய்கள். நிலைப்படி உயரத்துக்கும் மேலே, ஒன்றின்மேல் ஒன்றாக, ஓர் எலி போக இடமில்லாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி, அதான் கதவு திறந்தாச்சுல்ல? எல்லாரும் வேலைக்குப் போங்க."

அக்கா அந்தப் பீப்பாய்ச் சுவரை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தார். "கதவு திறந்துச்சு சார். வழி எங்க?" என்றார். சொல்லிவிட்டு, அவரே போய்ச் சங்கை அழுத்தினார்.

இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த அம்மாவும் ஊருக்குப் போகவில்லை, ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, எப்போது சரியாக முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பீப்பாய்கள் போகும்வரை சரக்கை யாரும் தொடுவதாக இல்லை. ஓட ஆட்கள் கூடினால் நல்லதுதான், அதனால் எத்தனை தலை இருந்தாலும் அனுப்புங்கள். அத்தானிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள்: செருப்பு வேண்டாம், கால் முழுவதும் மூடிய ஷூவாகப் போட்டுக்கொண்டு வரட்டும்.